முப்பத்தேழாவது வரிசையில் ஒரு ஷூ கம்பெனி

“அதாவது, நீங்க யோசிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அந்த அம்மா அதைத் திருடிட்டாங்க. அப்படித்தானே சார்?”

அத்தை இதைக் கேட்ட தொனியில் கேலி துளியும் இல்லை. அதுதான் மாப்பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆறு வருடம் மருமகனாகவும், ஒன்றரை வருடம் அவருடைய துப்பறியும் தொழிலில் உதவியாளனாகவும் அவரிடம் குப்பை கொட்டியதில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அத்தை கேலி பேசினால் ஆபத்தில்லை. மரியாதையாகப் பேசினால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எதிரில் இருந்தவர் அப்படி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் அவருக்கு ‘நட்சத்திரம்’ என்று பெயர் வைத்திருந்தன. அவருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய அறைச் சுவர் முழுக்க அவரே சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் தன் படம் வந்தால் உடனே அளவாக வெட்டி மாட்டுவதற்காக, காகிதம் வெட்டும் பலகை ஒன்றை ஜன்னலோரத்தில் தயாராக வைத்திருந்தார். கத்தி பளபளத்தது. நல்ல புழக்கத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

“மேடம், ஐடியா ஒரு நாள்ல பொறக்கறதில்ல,” என்றார் நட்சத்திரம். “மாசாமாசம் மூணாம் தேதி இந்தக் கதவைச் சாத்திட்டு, போனை அணைச்சிட்டு உக்காருவேன். எந்தெந்தக் கம்பெனிப் பங்கை வாங்கறதுன்னு இங்கதான் முடிவாகும். ஆனா ஒண்ணாம் தேதியே எல்லாம் என் மனசுல ஓட ஆரம்பிச்சிடும். ஏதாவது துண்டுச் சீட்டுல கிறுக்கியிருப்பேன். அதை அந்தம்மா பாத்திருக்கும்.”

“ஐம்பது கம்பெனி பேரையும் வரிசை மாறாம கிறுக்கியிருக்கீங்க,” என்றார் அத்தை. “நல்ல பழக்கம்.”

விவகாரம் இதுதான். நட்சத்திரம் நடத்துவது ‘நாளைய நீர்’ என்கிற ஃபண்ட். உலகத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, ஆகவே தண்ணீர் சம்பந்தப்பட்ட கம்பெனிகளாகப் பொறுக்கி எடுத்துப் பங்கு வாங்கினால் பணம் கொட்டும் என்பது விளம்பரம். பொறுக்கி எடுப்பது சாமானிய மூளை அல்ல, நட்சத்திரத்தின் மூளை. மூளைக்குக் கூலி உண்டு. இன்னொரு பக்கம் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று ஒரு ஏழை ஜென்மம் இருக்கிறது. சந்தையிலேயே பெரிய ஐம்பது கம்பெனிகள் எவை என்று ‘பட்டியல் ஆபீஸ்’ மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் உள்ளதை அது அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். யோசிக்காது, பேட்டி கொடுக்காது, சுவரில் படம் மாட்டாது. அதனால் கூலியும் ஆறில் ஒரு பங்குதான்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் ஃபண்ட் கம்பெனி முதலாளிக்குக் கடிதம் போட்டிருந்தார். ‘என் பணம் உங்கள் நீரில் இருக்கிறது. என் மச்சானின் பணம் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. ஐந்து வருடமாக இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. உங்கள் கூலியைக் கழித்த பிறகு நான் மட்டும் மச்சானுக்குக் கீழே நிற்கிறேன். குடும்ப விசேஷங்களில் தலை காட்ட முடியவில்லை. காரணம் சொல்லவும்.’

முதலாளி நட்சத்திரத்திடம் காரணம் கேட்டார். நட்சத்திரம் ஒரு வினாடி கூடத் தடுமாறவில்லை. என் பட்டியலை யாரோ வெளியே கசியவிடுகிறார்கள், ஊரே என்னைப் பார்த்து வாங்குகிறது, அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல் ஏறி இறங்குகிறது என்று சொல்லிவிட்டார். தன் ஊழியரை மொத்தச் சந்தையும் காப்பி அடிக்கிறது என்றால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? நேற்று இழுப்பறைகளைச் சோதனை போட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மாவின் இழுப்பறையில் அந்தக் காகிதம் கிடைத்தது. ஐம்பது கம்பெனிகளின் பெயர். அடியில் இந்த மாதம் ஒன்றாம் தேதி. மூன்றாம் தேதி நட்சத்திரம் வாங்கிய அதே ஐம்பது.

“அந்தம்மா இதைப் பட்டியல் ஆபீஸ் வெளியிடற இண்டெக்ஸ் லிஸ்ட்டுன்னு சொல்லுது,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி. அப்பா விட்டுப்போன கம்பெனியை அப்பா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தே நடத்துகிறவர். கையில் டீ கோப்பை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. “அதையும் எடுத்துப் பாத்தோம். பொய்! முப்பத்தேழாவது வரிசை உதைக்குது. அவங்க லிஸ்ட்டுல அந்த இடத்துல ஒரு மருந்துக் கம்பெனி. இந்தப் பேப்பர்ல ஷூ கம்பெனி. எங்க சாரும் வாங்கினது ஷூ கம்பெனிதான்.”

“மத்த நாப்பத்தொன்பதும்?” என்றார் அத்தை.

“பெரிய கம்பெனிங்க எல்லார் கண்ணுக்கும் தெரியும் மேடம்,” நட்சத்திரம் புன்னகைத்தார். “திறமை அந்த ஒண்ணுலதான் இருக்கு.”

“ஒரு சின்ன சந்தேகம் சார்,” என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தான். “நீர் ஃபண்டுல எதுக்கு ஷூ?”

நட்சத்திரம் அவனை இரக்கத்துடன் பார்த்தார். “தண்ணிதான் எதிர்காலம்னா, தண்ணியில நடக்கறதும் எதிர்காலம்தானே? மழை, வெள்ளம், ரப்பர் ஷூ. யாருக்கும் தோணல. எனக்குத் தோணிச்சு. போன மாசம் அந்த ஃபேக்டரியில மூணு நாள் இருந்தேன். தொழிலாளிங்களோட உக்காந்து சாப்பிட்டேன். அந்த மெஷின் சத்தம் இன்னும் காதுல கேக்குது.”

மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. அவனுடைய ஆறு மாதச் சம்பளம், பழைய வேலை போனபோது கையில் கொடுத்த மொத்தமும், ‘நாளைய நீர்’ ஃபண்டில்தான் மிதந்துகொண்டிருந்தது. மனைவிக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்தால் வேறு வினையே வேண்டாம். ஆகவே இந்த வழக்கில் அவன் பிரார்த்தனை எளிமையானது: டைப்பிஸ்ட் அம்மா திருடியாக இருக்க வேண்டும், நட்சத்திரம் மேதையாக இருக்க வேண்டும்.

“நாலு மணிக்கு போர்டு மீட்டிங்,” என்றார் முதலாளி. “அந்தம்மாவை டிஸ்மிஸ் பண்ணப் போறோம். திருட்டுக்கு டிஸ்மிஸ்னா பென்ஷன் கிடையாது. போர்டுல ஒரு கிழவர் மட்டும் வெளி ஆள் ரிப்போர்ட் வேணும்னு அடம் பிடிக்கிறார். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

“ஒரு பக்கம் தாராளம்,” என்ற அத்தை, இழுப்பறையில் கிடைத்த காகிதத்தை மேசையில் கிடந்த ஃபைலின் மேல் வைத்துப் பார்த்தார். ஃபைலுக்குள் இருந்த மற்ற காகிதங்களைவிட அது இரண்டு விரற்கடை குட்டை. முப்பத்தேழாவது வரிசையைச் சுற்றி பென்சிலால் ஒரு சிறு வட்டம்.

“அந்த வட்டம் கூட்டாளிக்கு சிக்னல்,” என்றார் நட்சத்திரம்.

“பின்ன?” என்று அத்தை மரியாதையாகத் தலையாட்டினார்.

*

டைப்பிஸ்ட் அம்மா ஸ்டேஷனரி அறையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருந்தார். தப்பித்து ஓடிவிடாமல் இருக்க வாசலில் ஒரு பியூனை நிறுத்தியிருந்தார்கள். அந்த பியூன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேலையெல்லாம் நிக்கல,” என்றார் அந்த அம்மா. “இப்பதான் என் டிஸ்மிஸ் லெட்டரை டைப் பண்ணிக் குடுத்தேன். வேற யாருக்கு இங்க டைப்பிங் தெரியும்? மூணு பிழை இருந்துச்சு. திருத்தியாச்சு.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. லெட்டரின் நகல் ஒன்றை அவர் நாலாக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

“உங்க சேமிப்பெல்லாம் இண்டெக்ஸ் ஃபண்டுல இருக்காமே?” என்று அவன் கேட்டான். “இங்க உப்பைத் தின்னுட்டு அங்க போய்ப் பணத்தைப் போட்டிருக்கீங்க. அதையும் குற்றமாத்தான் சொல்றாங்க.”

“மாசாமாசம் ஒண்ணாம் தேதி பட்டியல் ஆபீஸ் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து சார் மேசையில வைக்கறது என் வேலை. மூணாம் தேதி சார் குடுக்கற லிஸ்ட்டை டைப் பண்றதும் என் வேலை. மேல ரெண்டு பம்பு கம்பெனி, ஒரு பைப் கம்பெனியை அலங்காரத்துக்கு ஒட்டிப்பார். மத்தது அப்படியே அதே ஐம்பது. பதினோரு வருஷமா ஒரே லிஸ்ட்டை ரெண்டு தடவை பாக்கறேன் தம்பி. ஒண்ணுக்கு ஆறு மடங்கு கூலி. எதுல போடுவேன்?”

கேட்டதும் மாப்பிள்ளையின் ஆறு மாதச் சம்பளம் ஒரு முறை முங்கி எழுந்தது. “அப்ப அந்த ஷூ கம்பெனி?” என்றான் அவசரமாக. “அது அவங்க லிஸ்ட்டுல இல்லையே!”

“அன்னைக்கு நான் எடுத்த பிரிண்ட்டுல இருந்துச்சு. இன்னைக்கு பாத்தா இல்லைங்கறாங்க. எனக்குப் புரியல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஃபேக்டரியிலதான் எங்க வீட்டுக்காரர் பசை பிரிவுல இருபது வருஷம் வேலை பாத்தார். இப்ப முதுகு போயி வீட்டுல படுத்திருக்கார். அந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு திக்குன்னு ஆச்சு. சார் பிரதி, நான் வெச்சுக்கற பிரதி, ரெண்டுலயும் பென்சில்ல வட்டம் போட்டேன். சார்கிட்ட போய், இதுல ஏதோ தப்பு இருக்குன்னு சொன்னேன். ‘டைப் பண்ணத்தான் உனக்குச் சம்பளம்’னு சொல்லிட்டார்.”

“பிரிண்ட்டுல பட்டியல் ஆபீஸ் பேர் இருக்குமே?”

“தலைப்புல பெருசா இருக்கும். என் இழுப்பறையில இருந்தப்ப இருந்துச்சு.” அவர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம். அந்த முப்பத்தேழை மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு இந்த பென்ஷனை விட்டா வேற எதுவும் இல்ல.”

*

ஷூ ஃபேக்டரி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. கேட்டில் ஒரு காவலாளி, ரேடியோவோடு தர்க்கம் செய்துகொண்டிருந்தார். உள்ளே நீளமான ஒரு கூடம். அதில் ஷூவும் இல்லை, மெஷினும் இல்லை. கூரை வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

“வாடகை நாற்காலி கம்பெனிக்கு விட்டிருக்கோம்,” என்றார் காவலாளி. “மெஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போய் பதினாலு மாசம் ஆச்சு. கம்பெனி பேப்பர்லதான் உயிரோட இருக்கு. நிலத்தை வித்ததும் அதுவும் போயிடும்.”

“போன மாசம் ஒரு பெரிய மனுஷர் வந்து மூணு நாள் தங்கினாரே,” என்றான் மாப்பிள்ளை, விடாமல். “தொழிலாளிங்களோட சாப்பிட்டாராமே?”

“தொழிலாளி நான் ஒருத்தன்தான். நான் தனியாத்தான் சாப்பிட்டேன்.”

வருகைப் பதிவு நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். இந்த வருடத்தில் மொத்தம் எட்டு பதிவுகள். ஆறு முறை மின்சார மீட்டர்காரர். ஒரு முறை பாம்பு பிடிக்கிறவர். ஒரு முறை காவலாளியின் சகலை.

“வேற வாசல் ஏதாவது இருக்கா?” மாப்பிள்ளையின் குரலில் இப்போது கெஞ்சல் ஏறியிருந்தது.

“பின்பக்கம் இருக்கு. அதுல மரம் முளைச்சிருக்கு.”

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவன் கடைசி முயற்சியாக ஒன்று சொன்னான். “அத்தை, அவர் பொய் சொன்னார் சரி. அதனால அந்தம்மா திருடலன்னு ஆகிடுமா? மூடின ஃபேக்டரியை அவர் மூணாம் தேதி வாங்கறார். அந்தம்மாகிட்ட ஒண்ணாம் தேதியே அந்தப் பேர் இருக்கு. வேற எந்த லிஸ்ட்டுலயும் அது இல்ல. இடிக்குதே?”

“நல்லா இடிக்குது,” என்றார் அத்தை. “மாப்பிள்ளை, இன்னைக்கு என்ன இவ்வளவு கவலையா யோசிக்கறீங்க? உடம்புக்கு ஏதாவது?”

“ஒண்ணுமில்ல அத்தை. வெயில்.”

வானம் மூடிக்கொண்டிருந்தது. அத்தை கைப்பையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டார்.

*

நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகள் எவை என்று தீர்மானிக்கும் பட்டியல் ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று மேசை, ஒரு ஃபேன். கோடிக்கணக்கான பணம் இவர்கள் சொல்கிறபடி இடம் மாறுகிறது என்பதை அந்த ஃபேன் நம்பவில்லை போலிருந்தது. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே சுற்றியது. பட்டியல்காரர் நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக எழுந்து நின்றார்.

மணி இரண்டரை. அத்தை தான் யார் என்று சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறார் என்றும் சொல்லவில்லை. தலைப்பில்லாத அந்தக் குட்டைக் காகிதத்தை மேசையில் வைத்து, வகுப்பில் முன் பெஞ்சைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தப் பார்வைக்குத் தப்பித்த முன் பெஞ்சு இதுவரை கிடையாது.

“முப்பத்தேழுல ஒரு தப்பு இருக்கு,” என்றார்.

“அதான் அன்னைக்கே பன்னெண்டு மணிக்குத் திருத்திட்டோமேம்மா!” என்று அலறினார் பட்டியல்காரர்.

சொன்ன பிறகுதான் அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் அவருடைய ஆபீஸ் பெயர் எங்கேயும் இல்லை என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நெற்றிக் கண்ணாடி நழுவி மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது.

“உக்காருங்க,” என்றார் அத்தை, அவருடைய நாற்காலியை அவருக்கே காட்டி.

அதன் பிறகு விஷயம் தானாகக் கொட்டியது. மாதாமாதம் பழைய பட்டியல் ஒன்றை எடுத்து, அதன் மேலேயே புதுப் பெயர்களை அடித்து வெளியிடுவது இவர் வழக்கம். இந்த மாதம் அவசரத்தில் கையில் கிடைத்தது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பட்டியல். நாற்பத்தொன்பது வரிசையை மாற்றினார். முப்பத்தேழு கண்ணில் படவில்லை. செத்துப்போன ஷூ கம்பெனி, எழுந்து உட்கார்ந்துவிட்டது.

“பத்து மணிக்கு வெளியிட்டோம். பன்னெண்டுக்கு மாத்திட்டோம். ரெண்டே மணி நேரம்! திருத்தம்னு வெளியில போட்டா ஆபீஸ் மானம் போயிடும்னு, பழைய பக்கத்தை எடுத்துட்டு புதுசை வெச்சிட்டோம். சந்தா கட்டற இண்டெக்ஸ் ஃபண்டு எல்லாத்துக்கும் தனியா தகவல் அனுப்பினோம். ஒருத்தர் கூட அந்தப் பங்கை வாங்கல.”

“நாளைய நீர் ஃபண்டுக்கு அனுப்பினீங்களா?”

“அவங்களுக்கு எதுக்கு? அவங்க சந்தாவே கட்டறதில்ல. சொந்தமா யோசிக்கறவங்களாச்சே!”

மாப்பிள்ளை மெதுவாக நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்தான். யோசிக்கவே தெரியாத ஃபண்டெல்லாம் திருத்தத்தைப் படித்திருக்கிறது. ஆறு மடங்கு கூலி வாங்குகிற மூளைதான் செத்த கம்பெனியை வாங்கி, அதோடு உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறது. மேதை என்று நம்பி அந்த மூளையிடம் தன் பணத்தைக் கொடுத்த தன்னை அவன் மனதார ஒரு முறை திட்டிக்கொண்டான்.

“இந்தத் தப்பை யார் கண்டுபிடிச்சது?” என்றார் அத்தை.

“யாரோ ஒரு அம்மா. பத்தே முக்காலுக்கு போன் பண்ணாங்க. ‘அந்த ஃபேக்டரியை மூடிட்டாங்க சார், எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருந்தார், நல்லாப் பாருங்க’ன்னாங்க. நான் கோவமா போனை வெச்சிட்டேன். அப்புறம்தான் பாத்தேன். பேர் கூட கேட்டு வெச்சுக்கல.” அவர் தலையைச் சொறிந்தார். “அவங்க மட்டும் சொல்லலன்னா அன்னைக்கு அத்தனை ஃபண்டும் அந்தக் குப்பையை வாங்கியிருக்கும்.”

அத்தை பத்து மணிப் பட்டியலின் பிரதியை வாங்கினார். கீழே கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னார். பட்டியல்காரர் தயங்கியபோது, “எழுதுங்க, அடிச்சித் திருத்தாம எழுதுங்க,” என்றார். பட்டியல்காரர் எழுதினார்.

*

போர்டு மீட்டிங்கில் ஐந்து பேரும், ஒரு தட்டு பிஸ்கட்டும், மூலையில் டைப்பிஸ்ட் அம்மாவும் இருந்தார்கள். கூட்டக் குறிப்பு எடுப்பதும் அவர் வேலைதான். தன்னை நீக்கும் தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதத் தயாராக நோட்டைத் திறந்து வைத்திருந்தார். பென்சில் மட்டும் காகிதத்தைத் தொடாமல் நின்றது.

“ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி சாரோட பெருமையைத் தெளிவா பதிவு பண்ணிக்கணும்,” என்று அத்தை ஆரம்பித்தார். “அந்த ஷூ கம்பெனி யோசனை முழுக்க முழுக்க உங்களோடதுதான் இல்லையா சார்?”

“சந்தேகமே வேணாம்,” என்றார் நட்சத்திரம்.

“வேற யாரும் சொல்லல? வேற எந்த லிஸ்ட்டையும் பாக்கல?”

“நான் லிஸ்ட்டே பாக்கறதில்ல மேடம். நான் கம்பெனியைப் பாக்கறவன்.”

“ஃபேக்டரியில மூணு நாள்.”

“மூணு நாள்.”

“எழுதிக்குங்கம்மா,” என்றார் அத்தை மூலையைப் பார்த்து. டைப்பிஸ்ட் அம்மா எழுதினார்.

பிறகு அத்தை இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தார். ஒன்று குட்டை. இன்னொன்று பட்டியல்காரர் கையெழுத்திட்ட முழுக் காகிதம். ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தினார். ஐம்பது வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டன. மேலே இரண்டு விரற்கடை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதில் பட்டியல் ஆபீஸின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“நான் கணக்கு வாத்தியார். வருஷத்துக்கு ஆயிரம் பேப்பர் திருத்தினவ,” என்றார். “ரெண்டு பசங்க ஒரே மாதிரி சரியா எழுதியிருந்தா, ரெண்டு பேருமே படிச்சிருக்கலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஒரே தப்பைப் பண்ணியிருந்தா, ஒருத்தன் மட்டும்தான் எழுதியிருக்கான்னு அர்த்தம். இந்த ஷூ கம்பெனி பட்டியல் ஆபீஸ் பண்ணின தப்பு. ரெண்டு மணி நேரம்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல எடுத்த பிரிண்ட் சார் மேசைக்கு வந்துச்சு. மூணாம் தேதி கதவைச் சாத்திக்கிட்டு சார் அதைப் பாத்து எழுதியிருக்கார். தப்பையும் சேத்து எழுதியிருக்கார்.”

“இது தற்செயல்…” என்று தொடங்கினார் நட்சத்திரம்.

“ஃபேக்டரி மூடி பதினாலு மாசம் ஆச்சு. அங்க இருக்கறது வாடகை நாற்காலி. உங்க காதுல கேட்டது எந்த மெஷின்னு நான் துருவ மாட்டேன், அது டாக்டரைக் கேக்க வேண்டிய விஷயம்.” அத்தை குட்டைக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இதோட தலையை வெட்டினது யாருன்னும் கேக்கப் போறதில்ல. காகிதம் வெட்டற பலகை இந்த ஆபீஸ்ல யார் ரூம்ல இருக்குன்னு மட்டும் எல்லாரும் ஒரு தடவை நினைச்சுப் பாத்துக்கலாம்.”

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் பிஸ்கட் தட்டையே உற்றுப் பார்த்தார்.

“நாப்பத்தொன்பது ஒண்ணா இருக்கலாம், திறமை அந்த ஒண்ணுலதான் இருக்குன்னு சொன்னீங்களேய்யா!” என்று முதலாளி முனகினார். அழுதுவிடுவார் போலிருந்தது.

வெளி ரிப்போர்ட் கேட்டு அடம் பிடித்த கிழவர் மட்டும் உற்சாகமாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். “டிஸ்மிஸ் தீர்மானம் அப்படியே இருக்கட்டும்,” என்றார். “பேரை மட்டும் மாத்துங்க.”

அத்தை பட்டியல்காரருக்கு வந்த போன் விஷயத்தையும் சொன்னார். அறையே மூலையைத் திரும்பிப் பார்த்தது.

“அதை ஏம்மா முதல்லயே சொல்லல?” என்றான் மாப்பிள்ளை.

“ஆபீஸ் போன்ல, ஆபீஸ் நேரத்துல பேசினேன். அதுக்குத் தனியா ஒரு குற்றம் போட்டுடுவாங்களோன்னு பயம்.” டைப்பிஸ்ட் அம்மாவின் குரல் உடைந்தது. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். காலையிலிருந்து இந்த அம்மா திருடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதற்காகக் கூச்சமாக இருந்தது.

முதலாளி எழுந்து அவர் அருகில் போனார். கையில் கோப்பை. “பதினோரு வருஷமா தெரியும்ங்கறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மாசாமாசம் ரெண்டு லிஸ்ட்டையும் உங்க மேசையில பக்கத்துல பக்கத்துல வைக்கறேன் சார். நீங்க அது மேலதான் டீயை வெப்பீங்க.”

*

திரும்பும் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்திலுள்ள முட்டாள் முதலீட்டாளர்களைப் பற்றி ஐந்து நிமிடம் வெளுத்துக் கட்டினான். சுவரில் படம் மாட்டுகிறவனிடம் போய்ப் பணத்தைக் கொடுப்பார்களா? கொஞ்சமாவது விசாரிக்க வேண்டாமா? பேசப் பேச அவனுக்கே அது நன்றாக இருந்தது.

அத்தை பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

‘நாளைய நீர்’ ஃபண்டிலிருந்து பணத்தைத் திரும்பப் பெறும் விண்ணப்பம். அவன் பெயர், அவன் முகவரி, அவன் கணக்கு எண், எல்லாம் அத்தையின் கணக்கு வாத்தியார் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. தேதி போன செவ்வாய்க்கிழமை. இந்த வழக்கு அவர்களிடம் வந்தது இன்று காலையில்.

மாப்பிள்ளை அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். “அத்தை… எப்படி…”

“ஃபண்ட் பேப்பரை ஒரு ஷூ பெட்டியில போட்டு பீரோ மேல வெச்சீங்க,” என்றார் அத்தை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “ஆறு வருஷமா உங்களைச் செருப்புல தவிர நான் பாத்ததில்ல மாப்பிள்ளை.”

அவன் பேனாவைத் தேடினான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சுற்றி, பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டிருந்தது.